அழுத்திய விசையும் போய்ச்சேர்ந்த பைட்டும்

டெர்மினலில் ஓடும் நிரலுக்கு விசைப்பலகை என்று ஒன்று இருப்பதே தெரியாது. எந்த விசை அழுத்தப்பட்டது, எது கூடவே பிடிக்கப்பட்டிருந்தது என்ற செய்தி எதுவும் அதற்குப் போவதில்லை. போவதெல்லாம் வரிசையான பைட்டுகள்தான். மற்ற மென்பொருள்களில் சொன்னபடி கேட்கும் ஷார்ட்கட்டுகள் இங்கே மட்டும் தகராறு செய்வதற்கு இதுவே காரணம்.

1963-இல் வெளியான ஆஸ்கி முறையில், கன்ட்ரோல் விசை செய்யும் வேலை ஒரு கழித்தல் கணக்கு: எழுத்தின் எண்ணிலிருந்து 64 போய்விடும். ஏ என்ற எழுத்தின் எண் 65. ஆகவே கன்ட்ரோல்-ஏ என்பது 1. ஐ 73, கன்ட்ரோல்-ஐ என்பது 9. டேப் விசை அனுப்புவதும் இதே 9தான். கன்ட்ரோல்-எம் 13 ஆகிறது, என்டரும் அதுவே. இடது சதுர அடைப்புடன் கன்ட்ரோல் சேர்ந்தால் 27, அதாவது எஸ்கேப். ஆகவே கன்ட்ரோல்-ஐக்குப் புது வேலை கொடுத்தால், பாஷ் ஷெல்லில் கோப்புப் பெயரை நிரப்பித் தரும் டேப்பும் அந்தப் புது வேலைக்கே போய்விடும். ஷிஃப்ட்டைச் சேர்த்துப் பிடித்துத் தப்பிக்கவும் வழியில்லை. பழைய முறையில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஏ என்று தனியாக ஓர் எண் கிடையாது.

அம்பு விசைகளின் கதை வேறு. டெக் நிறுவனம் 1978-இல் கொண்டுவந்த விடி100 டெர்மினலின் வழக்கம் இன்றும் தொடர்கிறது. மேல் அம்பை அழுத்தினால் எஸ்கேப், சதுர அடைப்பு, ஏ என மூன்று பைட்டுகள் போகும். ‘அப்ளிகேஷன்’ நிலையில் இருந்தால் சதுர அடைப்புக்குப் பதில் ஓ என்ற எழுத்து வரும். ஹோம், எண்ட் விசைகளும் இப்படியே. எந்த விசை எந்தப் பைட்டுகளை அனுப்பும் என்று டெர்மினல் வாரியாகச் சொல்லும் டெர்ம்இன்ஃபோ என்ற தரவுத்தொகுப்பு பெரும்பாலும் இந்த இரண்டாம் வடிவத்தையே தருகிறது. பாஷ் போன்ற இன்னொரு ஷெல்லான இசட்-ஷெல்லோ தானாக அந்த நிலைக்கு மாறுவதில்லை. அதனால்தான் அந்தத் தொகுப்பை நம்பி எழுதிய அமைப்புகள் அங்கே வேலை செய்யாமல் நிற்கின்றன.

கோளாறு தேடும்போது அமைப்புக் கோப்பைத் திருத்தி எழுதிப் பார்ப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். முதல் வேலை, வந்து சேர்வது எது என்று பார்ப்பது. ஷெல்லில் கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு, தகராறு செய்யும் விசையை அழுத்தினால், அது அனுப்பும் பைட்டுகள் அப்படியே திரையில் விழும். கூரைக்குறியும் சதுர அடைப்பும் சேர்ந்து தெரிந்தால் அது எஸ்கேப். திரையில் தெரிவதும் அமைப்பில் எழுதியிருப்பதும் ஒன்றாக இல்லையென்றால் பாதி விஷயம் அங்கேயே தெளிவாகிவிடும்.

எதுவுமே விழவில்லையென்றால் ஷெல்லுக்கு முன்பே யாரோ விசையை வாங்கிக்கொண்டார்கள் என்று பொருள். மேக் கணினியில் கன்ட்ரோலும் இடது அம்பும் திரைவெளிகளை மாற்றும் வேலைக்குப் போய்விடும். க்னோம் டெர்மினலில் எஃப்10 மெனுவைத் திறக்கும். தமிழில் தட்டச்சு செய்ய எஃப்சிடிஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, மொழி மாற்றும் கன்ட்ரோல்-ஸ்பேஸ் ஈமேக்ஸ் எடிட்டர் வரை போய்ச் சேராது. ஒரே டெர்மினலில் பல ஷெல்களை ஓட்டித் தரும் நிரல்களில், டீமக்ஸ் கன்ட்ரோல்-பியையும், ஸ்கிரீன் கன்ட்ரோல்-ஏயையும் தங்கள் முன்விசையாகப் பிடித்துவைத்திருக்கின்றன. எனவே சோதனையை முதலில் இவற்றுக்கு வெளியே செய்து பார்ப்பதே நல்லது.

இவற்றைத் தாண்டிய பிறகும் இயங்குதளத்தின் டெர்மினல் டிரைவர் நடுவில் நிற்கிறது. அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் திரை உறைந்துவிடும். கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால்தான் அசையும். டெலிடைப் காலத்தில் எதிர்முனை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபோது அனுப்புவதை நிறுத்தவும் பிறகு தொடரவும் சொன்ன குறிகள் இவை. இன்று பெரும்பாலும் பயனில்லை, ஆனாலும் இயல்பாக இயங்கிக்கொண்டே இருக்கின்றன. இதை அறியாமல் கணினி தொங்கிவிட்டது என்று ஜன்னலை மூடி வேலையை இழப்பவர்கள் இப்போதும் உண்டு. பாஷில் பழைய கட்டளைகளை முன்னோக்கித் தேட கன்ட்ரோல்-எஸ் ஒதுக்கப்பட்டிருந்தும் அது கிடைக்காமல் போவது இதனால்தான். எஸ்டிடிஒய் கட்டளையில், இந்தக் குறிகளுக்கான ஐக்ஸான் அமைப்பை அணைத்தால் விசை விடுபடும்.

முந்தைய சொல்லை அழிக்கும் கன்ட்ரோல்-டபிள்யூவுக்கு வேறு வேலை கொடுப்பது இன்னும் சிக்கலானது. பாஷ் பயன்படுத்தும் ரீட்லைன் நூலகம், ஒவ்வொரு வரியைப் படிக்கத் தொடங்கும்போதும் டிரைவரின் சிறப்பு விசைகளைத் தன் பட்டியலில் ஏற்றிக்கொள்கிறது. ரீட்லைனின் அமைப்புக் கோப்பான இன்புட்ஆர்சியில் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள்; அது ஏற்கப்பட்டும் இருக்கும்; உடனே அழிக்கப்பட்டுவிடும். பைண்ட்-டிடிஒய்-ஸ்பெஷல்-கார்ஸ் என்ற அமைப்பை ஆஃப் செய்தால்தான் தீரும்.

ஷெல்லுக்குள் வந்த பிறகு மிஞ்சுவது சில்லறைப் பிழைகள். சொந்தமாக ஓர் இன்புட்ஆர்சி கோப்பு வைத்துக்கொண்டால் கணினியின் பொதுக் கோப்பை ரீட்லைன் படிக்காது. இன்க்ளூட் வரி சேர்த்தால்தான் இரண்டும் சேரும். விசை வரிசைக்கு மேற்கோள் குறி அவசியம். மாற்றம் உடனே நடப்புக்கு வர கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஆர் அழுத்த வேண்டும். இசட்-ஷெல் இந்தக் கோப்பைத் தொடவே தொடாது. 2019-இல் வந்த கட்டலினா முதல் மேக்கில் அதுவே இயல்பான ஷெல் என்பதால், பாஷ் அமைப்புகள் அங்கே செல்லாது. தவிர, எடிட்டர் என்ற சூழல் மாறியின் மதிப்பில் விஐ என்ற எழுத்துகள் இருந்தால் இசட்-ஷெல் விஐ விசைமுறைக்கு மாறிவிடும். வரியின் தொடக்கத்துக்குப் போகும் கன்ட்ரோல்-ஏ அன்றோடு நின்றுபோகும்.

ஆல்ட் விசை எஸ்கேப்பை முன்னால் ஒட்டி அனுப்புகிறது. மேக் டெர்மினலில் ஆப்ஷன் விசையை மெட்டாவாக, அதாவது ஆல்ட்டாக நடத்தும் அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் விசித்திர எழுத்துகள்தான் வரும். தனியாக அழுத்திய எஸ்கேப்பா, ஆல்ட்டின் முன்னொட்டா என்று தெரிந்துகொள்ள ரீட்லைன் 500 மில்லிவினாடி காத்திருக்கும்; டீமக்ஸும் நீண்டகாலம் அவ்வளவே காத்திருந்தது. விம்மில் எஸ்கேப் மந்தமாகத் தெரிந்தால் டீமக்ஸின் எஸ்கேப்-டைம் அளவைக் குறைத்துப் பார்க்கலாம்.

கிட்டி டெர்மினல் வகுத்த புதிய விசைமுறை, டேப்பையும் கன்ட்ரோல்-ஐயையும் பிரித்து அனுப்புகிறது. நியோவிம், 2025-இல் வந்த ஃபிஷ் 4.0 ஆகியவை அதைப் புரிந்துகொள்கின்றன. டெர்மினல், நடுவில் உள்ள டீமக்ஸ், நிரல் மூன்றும் ஒத்துக்கொண்டால்தான் அது நடக்கும். அதுவரை பாஷில் கன்ட்ரோல்-ஐக்காகப் போராடுவது வீண். கன்ட்ரோல்-எக்ஸை முன்னால் வைத்து இரட்டை விசையாக அமைத்துக்கொள்வதே நிம்மதி.

(தொடரும்)