இதய நோயுள்ள பூனைகளில் பசியின்மை

இதய நோயுள்ள பூனைகளில் பசியின்மை என்பது, இதயம் நலிந்த பூனை உணவைக் குறைத்துக்கொள்ளும் அல்லது முற்றாக விட்டுவிடும் நிலையாகும். இதயத் தசை தடித்துப்போகும் நோயே பூனைகளில் மிகப் பரவலான இதய நோயாகும். பூனை சில நாட்கள் தொடர்ந்து உண்ணாவிட்டால் உடற்கொழுப்பு கல்லீரலில் திரண்டு அதனைப் பழுதாக்கக்கூடும். பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து மிகுதி. எனவே பசித்தால் தானே தின்னும் என்று காத்திருப்பது பூனைக்குப் பொருந்தாது.

காரணங்கள்

நுரையீரலில் அல்லது அதைச் சுற்றி நீர் கோத்தால் பூனை மூச்சுவிடவே திணறும், உணவை நாடாது. அந்நீரை வெளியேற்றத் தரப்படும் ஃப்யூரோசமைடு போன்ற மருந்துகளால் நீரிழப்பும் பொட்டாசியக் குறைவும் ஏற்பட்டாலும் பசி மங்கும். நோய், மருந்து ஆகிய இரண்டில் எது காரணம் என்பதைக் கால்நடை மருத்துவரே சோதித்துக் கூற இயலும். உறங்கும் பூனை நிமிடத்திற்கு 30 முறைக்கு மேல் தொடர்ந்து மூச்சுவிட்டாலோ, வாயைத் திறந்து மூச்சிரைத்தாலோ, உணவூட்ட முயலாமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

உணவூட்டல்

பூனை மணத்தைக் கொண்டே உணவைத் தெரிவு செய்கிறது. இனிப்புச் சுவையை அதனால் உணர இயலாது. வேகவைத்த மீன் அல்லது கோழியை வெதுவெதுப்பாக, சிறிது சிறிதாகப் பலமுறை வைப்பது பலன் தரும். கருவாட்டின் மணத்திற்குப் பூனை உடனே வரும் என்பது உண்மையே. ஆனால் அதிலுள்ள உப்பு நீர்க்கோவையை மிகுவிக்கும். மீன் குழம்பும் ஏற்றதன்று. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதே வேளையில், உப்புக் குறைந்த சிறப்பு உணவைத் தொடாத பூனைக்கு, அது வழக்கமாக உண்ணும் பூனை உணவைத் தருவதே மேல். மாத்திரையை உணவு முழுவதிலும் கலந்தால் அவ்வுணவையே பூனை வெறுக்கக்கூடும். வாயைப் பிளந்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் புகலாம்.

பசியைத் தூண்ட மிர்டாசபின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவதுண்டு. மனிதருக்கான பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும்.

டாரின் குறைபாடு

உணவே இதய நோய்க்குக் காரணமாவதும் உண்டு. டாரின் என்னும் சத்துக் குறைந்தால் பூனையின் இதயம் விரிந்து தளரும் என்பதையும், அதனை ஊட்டினால் தேறும் என்பதையும் 1987-ல் கலிபோர்னியாவில் பால் பியோன் குழுவினர் கண்டறிந்தனர். பின்னர் பூனை உணவுகளில் டாரின் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. தாவர உணவில் டாரின் ஏறக்குறைய இல்லை, பாலிலும் குறைவு. பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே உண்டு வளரும் வீட்டுப் பூனைகளுக்கு இது கருதத்தக்கது. வேகவைக்கும்போது டாரின் நீரில் இறங்குவதால் அந்நீரையும் சேர்த்தே தரவேண்டும்.

வெடியொலி

அச்சத்தால் இதயம் விரைந்து துடிக்கும்போது, தடித்த இதய அறை குருதியால் நிரம்பும் நேரம் குறைகிறது. ஆமத்தூர் போன்ற பட்டாசுத் தொழில் வட்டார ஊர்களிலும், தீபாவளிக் காலத்தில் ஏனைய இடங்களிலும், வெடியொலிக்கு அஞ்சி ஒளிந்துகொண்ட பூனையை வெளியே இழுத்து ஊட்டுவதைத் தவிர்க்க வேண்டும். அது ஒளிந்துள்ள இடத்திற்கு அருகிலேயே உணவும் நீரும் வைத்து, மணற்தட்டைச் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.