நீலத்திரை தோன்றினால்

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள் வெள்ளிக்கிழமை, மும்பையிலும் தில்லியிலும் விமான நிறுவனங்களின் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்கு ஏறும் சீட்டைக் கையாலேயே எழுதித் தந்தனர். பேனாவை மறந்த கூடங்களில் பேனாவே துணையாயிற்று!

காரணம் பகைவர் செயலன்று. காவலன் செய்த பிழை. கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம், நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. அதன் மென்பொருள், 20 விவரங்களே இருந்த பட்டியலில் 21-ஆவதைத் தேடி, தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டது. சாதாரணச் செயலி இவ்வாறு தவறினால் அது மட்டுமே வீழும். இதுவோ இயங்குதளத்தின் உள்ளகமாகிய கெர்னலில் அமர்ந்திருந்தது. அங்கே பிழை நேரின், கோப்புகள் மேலும் கெடாதிருக்க விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அந்நிறுத்தத்தின் அறிவிப்பே நீலத்திரை. (2025 முதல் புதிய விண்டோஸ் 11-இல் அது கருந்திரை.) 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் வீழ்ந்த கணினிகள் ஏறத்தாழ 85 லட்சம் என மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. அவற்றுட் பலவற்றை ஆட்கள் நேரில் சென்றே எழுப்ப வேண்டியதாயிற்று.

இன்று தாராவித் தையற்பட்டறையின் கணக்கும், செம்பூர் மாணவனின் பாடமும் கணினியில்தான் உள்ளன. திரை நீலமானதும் கடைக்குத் தூக்கிச் சென்று, “பார்மட் செய்துவிடுங்கள்” என்கிறோம். பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகளும், பாட்டியின் நிழற்படங்களும், ஊர் நிலத்தின் பத்திரப் படியும் அதனோடு அழிந்துபோகின்றன. பெரும்பாலும் இது தேவையற்ற இழப்பேயாகும்.

முதலில் திரையிலுள்ள நிறுத்தக் குறிப்பையும், கோப்பின் பெயர் ஏதேனும் இருப்பின் அதனையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்க. அன்று உலகெங்கும் நிபுணர்க்கு வழிகாட்டியது அத்தகைய ஒரு கோப்புப் பெயரே. அடுத்து, கடைசியாகச் செய்த மாற்றம் யாதென நினைவுகூர்க: புதிய அச்சுப்பொறியா, நினைவகத் தகடா, புதுப்பிப்பா? தொடக்கம் சிலமுறை தவறினால் மீட்புத் திரை தானே தோன்றும். அதன் வழியே ‘சேப் மோட்’ நிலையில் நுழைந்து, அம்மாற்றத்தை நீக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறிப்புத் தோன்றினால் நினைவகத் தகட்டையும் ஐயுறலாம். அதனைச் சோதிக்கும் கருவி விண்டோஸிலேயே உண்டு.

வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். 2024-இல் அலுவலகங்கள் பலவற்றில் பணியைத் தாமதப்படுத்தியது இச்சாவியைத் தேடும் வேலையே. வீட்டுக் கணினியாயின், அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். கணினி நலமாயிருக்கும்போதே அதனை ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டை உள்ள பெட்டியில் வைத்துவிடுங்கள்.