முதல் சலான் வந்தால்...

பாலிடெக்னிக்கில் சேர்ந்ததும் நம்மில் பலருக்கு வருகிற முதல் ஆசை பைக். ஆசைப்படாமலே அதன் பின்னால் வருவது போலீஸ் சலான். "நமக்கெல்லாம் வராது" என்று நினைத்தவன்தான் நானும். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கிய இடம் அடையாறு.

அன்று முதல் பீரியட் ஒர்க்‌ஷாப். மாமாவின் வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து கிளம்பினேன். மந்தைவெளியில் நண்பன் ஏறிக்கொண்டான். தலை இரண்டு, ஹெல்மெட் ஒன்று. "பின்னாடி உக்கார்றவனுக்கு எதுக்குடா ஹெல்மெட்?" என்று சிரித்துக்கொண்டே போனோம். திரு.வி.க. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கை காட்டி நிறுத்தினார்கள்.

"லைசென்ஸ் இருக்கா தம்பி?" இருந்தது. எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. "பின்னாடி இருக்கிறவர் ஹெல்மெட் எங்கே?" அது இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் கையிலிருந்த மெஷினில் வண்டி நம்பரைத் தட்டினார். சீட்டு வந்தது. ரூபாய் 1,000.

என் சட்டைப்பையில் இருந்தது அறுபது ரூபாய். "கையில காசு வாங்க மாட்டோம். சீட்டுல இருக்கு பாருங்க, அப்புறமா கட்டிக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்.

என் அப்பா மயிலாப்பூரில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவர். சட்டைக்குப் பத்து ரூபாய். ஆயிரம் ரூபாய் என்றால் நூறு சட்டை. அன்று வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. நூறு சட்டையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று யோசனைகள்

சாயங்காலத்துக்குள் மூன்று பேர் மூன்று யோசனை சொன்னார்கள். டீக்கடையில் ஒருவர், "அங்கேயே இருநூறு கொடுத்து முடிச்சிருக்கணும்" என்றார். வகுப்புத் தோழன், "கட்டாதேடா, ஒண்ணும் ஆகாது" என்றான். அப்பா, "தெரிஞ்சவங்களை வெச்சுப் பேசிப் பாக்கலாமா?" என்றார். அவர் பயம் வேறு. "போலீஸ் கேஸுன்னு ஆயிட்டா நாளைக்கு உனக்கு கவர்மெண்டு வேலை கிடைக்குமாடா?"

இதற்குள் மாமாவிடமிருந்து போன். "என்ன மாப்ளே, என் வண்டி மேல கேஸ் போட்டிருக்காங்களாமே!" ஓட்டியது யாராக இருந்தாலும் குறுஞ்செய்தி ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும். இரவல் வண்டி ஓட்டும் நண்பர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும்.

சீட்டைப் படித்தேன்

எங்கள் வீட்டுக்கு அரசாங்கக் காகிதம் வந்தால், படித்தவர் யாரிடமாவது கொண்டுபோய் "என்னா போட்டிருக்கு?" என்று கேட்பதுதான் வழக்கம். இந்த முறை படிக்க வேண்டியவன் நான்.

சலானில் வண்டி எண், தேதி, நேரம், இடம், சட்டப்பிரிவு, தொகை இருக்கும். என் சீட்டில் இருந்த பிரிவு 194-டி. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பிரிவு 129-ன்படி, ஓட்டுபவர் மட்டுமல்ல, பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட்டு, பட்டியை மாட்டியிருக்க வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கும் அதில் விலக்கு உண்டு. நாங்கள் இரண்டும் இல்லை! சீனியர்கள் இதே தப்புக்கு நூறு ரூபாய் கட்டிய காலம் ஒன்று இருந்தது. 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. நூறு ஆயிரம் ஆனது அப்படித்தான். அதோடு மூன்று மாதம் லைசென்ஸுக்குத் தகுதி இழக்கவும் அந்தப் பிரிவில் இடமிருக்கிறது.

அப்பாவின் கேள்விக்குப் பதில் பிரிவு 200-ல் கிடைத்தது. சில குற்றங்களுக்குக் கோர்ட்டுக்குப் போகாமலே குறிப்பிட்ட தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளலாம். இதற்குக் காம்பவுண்டிங் என்று பெயர். கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்காக மேற்கொண்டு வழக்கு நடத்தக்கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆனால் ஒன்று. அதே தப்பை மறுபடி செய்தால், இது முதல் தடவையாகக் கணக்கில் வரும். லைசென்ஸ் மீதான நடவடிக்கைக்கும் அது தடையில்லை. அழித்து எழுதிய சிலேட்டு அல்ல, மூடிய கணக்கு.

கட்டுவதா, வழக்காடுவதா?

முதல் சலான் வந்தவர் தன்னையே மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும்.

1. சீட்டில் இருப்பது நம் வண்டிதானா? கேமரா எடுத்த படத்தில் 3 என்பது 8 ஆகத் தெரியலாம். படத்தைப் பாருங்கள்.

2. சொன்ன தப்பை நாம் செய்தோமா? மனசாட்சியைக் கேட்டால் தெரியும்.

3. பிரிவும் தொகையும் அந்தத் தப்புக்கு உரியவையா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் கட்டிவிடுவதே மரியாதை. ஒன்றுக்காவது 'இல்லை' என்றால் பயந்துபோய்க் கட்ட வேண்டியதில்லை. சலான் என்பது தீர்ப்பு அல்ல, குற்றச்சாட்டு. இ-சலான் தளத்திலேயே புகார் செய்யலாம். மாஜிஸ்திரேட் முன்பு மறுக்கலாம். மறுத்தால் நிரூபிக்க வேண்டியது போலீசின் வேலை. லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காக வழிகள் மாறிய நாட்களைப் போல, ஒருவழிப் பலகை மறைந்திருந்தால் அப்போதே தேதி, நேரத்தோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தி. நகர் உஸ்மான் ரோடில் "எல்லாரும்தான் சார் அப்படி வர்றாங்க" என்பது வாதம் ஆகாது!

எல்லாமே கட்டி முடிக்கிற விஷயமும் அல்ல. குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அது கோர்ட்டுக்கே போகும். 18 வயது நிரம்பாத தம்பிக்கு வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாயும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய்.

அந்த மூன்று யோசனைகள் என்ன ஆயின?

இருநூறு கொடுத்து முடிப்பதா? ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஏழு வருடம் வரை சிறை. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளைக்குள் புகார் செய்ய வேண்டும். ஆயிரத்துக்குப் பயந்து அதில் போய் விழுவதா?

கட்டாமல் விடுவதா? பாக்கி வண்டியின் பேரிலேயே நிற்கும். நாளைக்கு மாமா வண்டியை விற்கப் போகும்போது குறுக்கே வரும். தப்பு என்னுடையது, தலைவலி அவருக்கு.

தெரிந்தவரைப் பிடிப்பதா? "வேணாம்பா, படிச்சுப் பார்த்துட்டேன். இது என் தப்புதான். கட்டிட்டா முடிஞ்சுடும், வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "அதுல அப்படித்தான் போட்டிருக்கா?" "ஆமாம்பா." "சரி, அப்ப கட்டிடு."

நண்பன் பாதி, நான் பாதி. என் பங்கு ஐந்நூறுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வண்டியில் நின்று பெட்டி போட்டேன். பணத்தை மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் கட்டினோம். இங்கே ஒரு எச்சரிக்கை. "உங்கள் சலான் பாக்கி" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலைத் தொடாதீர்கள், பேங்க் கணக்கே காலியாகும். தள முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்த்து, நீங்களே தட்டெழுதிப் போங்கள். ரசீதை அச்செடுத்து வையுங்கள்.

அந்த ரசீதை அப்பா வாங்கி, நாலாக மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்தார். எங்கள் வீட்டில் யாரையும் கேட்காமல் நாங்களே படித்து முடித்த முதல் அரசாங்கக் காகிதம் அதுதான்.

இப்போது மந்தைவெளியில் நண்பன் ஹெல்மெட்டோடுதான் நிற்கிறான். இல்லாத நாளில் இருவரும் பஸ்ஸில் போகிறோம்.

நண்பர்களே, சலான் வந்தால் பதறாதீர்கள், பதுங்காதீர்கள். முதலில் படியுங்கள். நம்மைப் படிக்க அனுப்பியது அதற்கும்தானே!

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை