மடிக்கணினியை உறங்கவிடாத காத்திருப்பு

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததையொட்டிப் பழைய மடிக்கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய வாசகர்களின் கடிதங்களில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப எழுகிறது. மூடியை மூடிய பிறகும் கணினி உறங்காமல் பைக்குள் சூடேறுகிறது. ஏதோ ஒரு பணி 20 விநாடிகளாகியும் உறைய மறுத்துவிட்டது என்கிறது கணினியின் பதிவேடு. பழி பணியின் மீது விழுகிறது. ஆனால் பல நேரங்களில் அந்தப் பணி உறைய மறுப்பதில்லை, உறைய இயலாமல் இருக்கிறது.

உறக்கத்தின்போது பயனர் நிரல்களையும் சில கர்னல் இழைகளையும் கட்டுப்படுத்தும் வழிமுறையே உறையவைத்தல் என்று லினக்ஸின் மையநிரலான கர்னலின் ஆவணம் வரையறுக்கிறது. நடைமுறையில் அந்தக் கட்டுப்பாடு பணியின் ஒத்துழைப்பை நம்பியிருக்கிறது: கர்னல் ஒரு போலிச் சமிக்ஞையை எழுப்ப, அதனால் விழிக்கும் பணி, பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் தானே உறைநிலைக்குள் நுழைகிறது. 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 பதிப்பிலிருந்து, உறையத்தக்கவை என முன்பே குறிக்கப்பட்ட காத்திருப்புகளில் உள்ள பணிகள் விழிக்காமலே, இருந்த இடத்திலேயே உறைகின்றன. அப்படிக் குறிக்கப்படாமல், சமிக்ஞைக்கும் செவிசாய்க்காத ஆழ்ந்த உறக்கத்தில், அதாவது சாதனத்திடமிருந்து பதில் வந்தாலன்றிக் கலையாத காத்திருப்பில், இருக்கும் பணிக்கு இந்த இரண்டு வழிகளும் மூடப்பட்டுள்ளன.

விண்டோஸில் பயன்படுத்திய வெளிவட்டு, என்.டி.எஃப்.எஸ்-3ஜி என்ற பயனர்வெளி நிரலின் வழியாக இணைக்கப்பட்டிருக்கும்போது இச்சிக்கல் கூர்மையடைகிறது. கோப்பை நகலெடுக்கும் பணி அந்த நிரலின் பதிலுக்காகக் காத்திருக்க, எது எதைச் சார்ந்தது என்று அறியாத கர்னல் அந்த நிரலை முதலில் உறையவைத்துவிட்டால், பதில் தர ஆளின்றி நகலெடுக்கும் பணி சிக்கிக்கொள்கிறது. கெடு முடிந்ததும் கர்னல் அனைத்தையும் விடுவித்து உறக்கத்தையே கைவிடுகிறது.

எல்லாக் காத்திருப்புகளையும் உறையத்தக்கவையாக மாற்றுவதும் தீர்வாகாது. ஒரு பூட்டைப் பிடித்தபடியே ஒரு பணி உறைந்தால், அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும் மற்றப் பணிகளும், பின்னர் சாதனத்தை நிறுத்த வரும் இயக்கியும் (சாதனத்தைக் கையாளும் நிரல்) முடங்கிப்போகும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே உறையவைத்தல் பிடிக்கவில்லை என்பதைக் கர்னல் ஆவணமே பதிவுசெய்கிறது. ஆகவே பொறுப்பு இயக்கியை எழுதுபவரிடமே வந்து சேர்கிறது: பூட்டில்லாத இடத்தில் மட்டும் உறையத்தக்க காத்திருப்பைத் தேர்வதும், உறங்கும் கட்டளை வந்ததும் புதிய கோரிக்கைகளைத் தடுத்து, நடந்துகொண்டிருப்பவற்றை முடிப்பதும், பணிகள் உறைந்திருப்பதையே ஒரே காப்பாக நம்பாதிருப்பதும் அவர் கடமைகள்.

இனி, எழக்கூடிய சில கேள்விகள். கர்னல் இழைகள் அனைத்தும் உறையுமா? இல்லை, உறையத் தாமே முன்வந்தவை மட்டும் உறையும்.

விழித்தெழும் வரிசை என்ன? முதலில் சாதனங்கள், பிறகே பயனர் நிரல்கள்.

அப்போது இயக்கிக்கு வட்டிலுள்ள ஃபர்ம்வேர் தேவைப்பட்டால்? உறங்கும் முன்பே நினைவகத்தில் எடுத்துவைக்கப்பட்ட படி பயன்படும்.

20 விநாடிக் கெடுவை நீட்டலாமா? நீட்டலாம், ஆனால் வராத பதிலுக்கு அது உதவாது.

வாசகர் செய்யக்கூடியது என்ன? மூடியை மூடும் முன் வெளிவட்டின் இணைப்பை முறையாக விடுவிக்கலாம். அதன் பிறகும் சிக்கல் நீடித்தால், பதிவேட்டில் பணியின் பெயருக்குக் கீழே அச்சாகும் அழைப்பு வரிசையைப் படித்து, அந்தப் பணியைக் காத்திருக்க வைத்த இயக்கி எதுவென்று கண்டு, அதைப் பராமரிப்பவருக்கு முறையிட வேண்டும்.