பெட்டியில் தூங்கும் குட்டி வீரர்கள்

வாசிக்கும் முன்: நீங்கள் ஆசையாகத் தொடங்கி, இடையில் விட்டுவிட்ட பொழுதுபோக்கு ஏதாவது உண்டா? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் அறையிலோ, உங்கள் நண்பரின் அறையிலோ அப்படி ஒரு பெட்டி இருக்கலாம். உள்ளே விரல் உயரத்தில் வீரர்கள், டிராகன்கள், மந்திரவாதிகள். சிலருக்கு முழுதாக வண்ணம் தீட்டியிருக்கும். சிலருக்குச் சட்டை மட்டும்தான் சிவப்பு. முகம் இன்னும் சாம்பல் நிறம். பரீட்சை, நீச்சல், வீடு மாறியது என்று ஏதோ ஒரு காரணத்தால் வேலை நின்றுபோயிருக்கும். ஒரு வருடம் கழித்துத் திறந்து பார்த்தால், "இனிமே எனக்கு இது வராது" என்று தோன்றும். உண்மையிலேயே வராதா? வாங்க, பார்ப்போம்.

குட்டி உருவங்களின் கதை

1893ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் ஈயத்தில் பொம்மை வீரர்களைச் செய்யத் தொடங்கியது. அவற்றின் உள்ளே வெற்றிடம் இருந்ததால் ஈயம் குறைவாகவே தேவைப்பட்டது. அதனால் விலையும் குறைந்தது. 1913இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களை வைத்து விளையாடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக எழுதினார். இன்று வார்ஹாமர் போன்ற விளையாட்டுகளின் உருவங்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில் வருகின்றன. பல உருவங்கள் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயரம்தான். அதற்குள் கண், பெல்ட், பொத்தான் எல்லாம் இருக்கும்!

முதலில் பெயிண்டைப் பாருங்க

நாம் பயன்படுத்தும் அக்ரிலிக் பெயிண்டில் மூன்று முக்கியப் பொருள்கள் உண்டு: நிறம் தரும் நிறமி, மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள், தண்ணீர். தண்ணீர் ஆவியானதும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மெல்லிய படலமாக மாறும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் அது கரையாது. அதனால்தான் பழைய வீரரைக் கழுவினாலும் வண்ணம் போவதில்லை. அதே காரணத்தால், டப்பாவில் முழுதாகக் காய்ந்த பெயிண்டைத் திரும்பப் பயன்படுத்த முடியாது.

ஆனால் உடனே தூக்கிப் போடாதீங்க! பெயிண்ட் வெறும் கெட்டியாக இருந்தால் சில சொட்டுத் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். நிறமி அடியில் தங்கியிருக்கும். குலுக்கினால் மேலே வரும்.

கை மறந்துவிடுமா?

1885இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஞாபகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பொருள் இல்லாத அசைகளை மனப்பாடம் செய்தார். மறந்த பிறகு அதே அசைகளை மறுபடி படித்தார். இரண்டாம் முறை குறைந்த நேரமே போதுமாக இருந்தது. அதாவது, மறந்தது போலத் தெரிந்தாலும் கொஞ்சம் உள்ளே மிச்சம் இருக்கிறது.

கைவேலையும் இப்படித்தான். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நல்ல வேலை எப்படி இருக்கும் என்று உங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கைதான் கொஞ்சம் பின்தங்கி வரும். அதனால் முதல் நாள் கோடு கோணலாகப் போகும், கோபம் வரும். அது உங்கள் திறமை போய்விட்டது என்பதற்கு அடையாளம் இல்லை. கைக்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான். ஆகவே உங்களுக்கு ரொம்பப் பிடித்த தலைவரை முதலில் எடுக்காதீங்க. பின்வரிசையில் நிற்கும் சாதாரண வீரர் ஒருவரை எடுங்கள்.

செய்யும் முறை

1. தூசியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர விடுங்கள்.
2. வண்ணமே பூசாத உருவம் என்றால் முதலில் பிரைமர் பூச வேண்டும். இல்லாவிட்டால் பெயிண்ட் பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டாது. ஸ்ப்ரே பிரைமர் என்றால் பெரியவர் ஒருவரோடு வெளியில் செய்யுங்கள்.
3. பெயிண்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லிதாக இரண்டு முறை பூசுங்கள். ஒரே தடவை தடிப்பாகப் பூசினால் வீரரின் மூக்கும் விரல்களும் மறைந்துவிடும்.
4. பிறகு 'வாஷ்' என்னும் நீர்த்த கரும் வண்ணத்தைப் பூசுங்கள். அது பள்ளங்களில் தங்கி நிழல் போலத் தெரியும். இவ்வளவு சிறிய உருவத்தில் உண்மையான நிழல் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது. அதனால் நாமே நிழலை வரைகிறோம்.
5. கடைசியாக, வெளிர் வண்ணம் தொட்ட பிரஷைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் லேசாகத் தேயுங்கள். அங்கே வெளிச்சம் பட்டது போல இருக்கும்.

கவனம்! பிரஷ் நுனியை வாயில் வைக்காதீங்க. பழைய ஈய பொம்மைகளைச் சுரண்டக் கூடாது. ஈயம் நஞ்சு, தொட்டால் கையைக் கழுவுங்கள்.

முடிந்ததும் புதிய வீரரைப் பழைய வீரர்களின் பக்கத்தில் நிறுத்துங்கள். பழையவற்றின் மேல் திரும்பப் பூச வேண்டாம். நீங்கள் அன்று எப்படித் தீட்டினீர்கள் என்பதை அவைதான் காட்டும். நீண்ட விடுமுறைக்குப் பிறகு தமிழ் வகுப்புக்கு வரும்போதும் முதல் நாள் வாய் தடுமாறும், இல்லையா? மூன்றாவது வாரம் யாரும் அதை நினைப்பதில்லை.

புதிய சொற்கள்
தூரிகை – பிரஷ்
ஈயம் – எளிதில் உருகும் ஒரு கனமான உலோகம்
நிறமி – நிறம் தரும் பொடி
படலம் – மெல்லிய மேல்தோல் போன்றது

விடை எழுதுக
1. காய்ந்த அக்ரிலிக் பெயிண்ட் ஏன் தண்ணீரில் கரைவதில்லை?
2. முதல் நாள் ஏன் கோபம் வரலாம்?
3. நீங்கள் மீண்டும் தொடங்க விரும்பும் ஒன்றைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுக.