மூன்று மணி நேரமும் ஒரு மடக்குக் குடையும்

வானிலைச் செயலியில் இரண்டு மணி நேர முன்னுரைப்பைத் திறந்தால், தீவின் 47 வட்டாரங்களும் ஆங்கில அகரவரிசையில் வந்து நிற்கும். முதல் பெயர் ஆங் மோ கியோ. ஈசூன்காரர்கள் கடைசிவரை விரலால் தள்ளிக்கொண்டு போகவேண்டும். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வார இறுதியில், மூன்று மணி நேரம் நான் தனியாக வெளியே போகிறேன். கிளம்புமுன் அந்த முதல் வரியைப் பார்ப்பேன். ‘இடியுடன் கூடிய மழை’ என்றிருந்தால் குடையை எடுத்துக்கொள்வேன், போகாமல் இருக்கமாட்டேன்.

நான்கறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். “மழையில தனியா எங்கம்மா போற?” என்று மாமியார் கேட்பார். சந்தைக்கு என்றால் அவருக்குப் புரியும். கோயிலுக்கு என்றாலும் புரியும். “சும்மாதான் அத்தை” என்றால் புரியாது. நம் வீடுகளில் ஆண் சும்மா வெளியே போய்வரலாம். பெண் போனால் திரும்பும்போது கையில் ஒரு பையாவது இருக்கவேண்டும். கொஞ்ச நாள் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வாங்கிவந்து கணக்குக் காட்டினேன். பிறகு அதையும் நிறுத்திவிட்டேன். இப்போது மாமியார் கேள்வி கேட்பதில்லை. குடையை எடுத்துக் கதவோரம் சாய்த்துவைக்கிறார்.

மழை விடட்டும் என்று காத்திருந்தால் இந்த ஊரில் எங்கும் போகமுடியாது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிறது. மொத்தம் ஏறக்குறைய 2,113 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400தான். ஆனால் எல்லா மழையும் ஒன்றல்ல. டிசம்பர், ஜனவரியில் வரும் வடகிழக்குப் பருவமழை சில சமயம் நாள் கணக்கில் நசநசக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். ஜூன் முதல் செப்டம்பர்வரை, விடியலுக்கு முன்போ காலையிலோ சுமத்ரா சூறைக்காற்று வந்து ஜன்னலைத் தட்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். தனியாகக் கிளம்ப எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வகைதான். அது போனபிறகு ஊர் புதிதாகக் கழுவிவிட்டதுபோல் இருக்கும். வெயிலும் தாமதமாகத்தான் வரும்.

மழையில் நடப்பதற்கு இங்கே ஏற்பாடும் உண்டு. நிலப் போக்குவரத்து ஆணையம் 2013ல் அறிவித்த திட்டத்தின்படி, எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர்வரை கூரையிட்ட நடைபாதைகள் நீட்டப்பட்டன. 2018க்குள் தீவு முழுவதும் 200 கிலோமீட்டர் கூடுதல் கூரை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து நிலையம்வரை பெரும்பாலும் நனையாமல் போய்விடலாம். ‘பெரும்பாலும்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்தக் கூரையும் எங்கோ ஓரிடத்தில் முடியும். அநேகமாகச் சாலையைக் கடக்கும் இடத்தில். அங்கே நாலைந்து பேர் வரிசையாக நின்று எதிர்க்கூரையை அளந்துகொண்டிருப்பார்கள். ஒருநாள் பள்ளிச் சீருடையில் ஒரு சீனப் பையன், தலைமேல் கோப்பைப் பிடித்தபடி, “ஆன்ட்டி, நானும் வரலாமா?” என்றான். இருபது அடி தூரம். ஒரே குடைக்குள் இருவரும் பேசாமல் நடந்தோம். எதிர்ப்பக்கம் போனதும் தலையாட்டிவிட்டு ஓடிவிட்டான். மூன்று வருடமாக மின்தூக்கியில் சந்திக்கும் பக்கத்து வீட்டுக்காரரோடுகூட நான் அவ்வளவு நெருக்கமாக நடந்ததில்லை.

குடை என்றதும் நினைவுக்கு வருகிறது. இரண்டு உயரமான புளோக்குகளுக்கு இடையில் காற்று குழாய்க்குள் வருவதுபோல் வரும். மலிவான மடக்குக் குடை அங்கே ஒரு நொடியில் தலைகீழாகி, தாமரைப் பூப்போல் விரிந்து நிற்கும். நான் இதுவரை மூன்று குடைகளை அப்படி இழந்திருக்கிறேன். நான்காவது குடை வேறு கதை. ஒரு காப்பிக்கடை வாசலில் இருந்த வாளியில் அதைப் போட்டுவிட்டு கோப்பி குடித்தேன். வந்து பார்த்தால் குடையைக் காணோம். அதேபோல் கறுப்பாக இன்னொன்று கிடந்தது. அதன் கம்பி ஒடிந்திருந்தது. எடுத்துக்கொண்டு போகலாம்தான், மனம் வரவில்லை. இன்னொரு கோப்பி வாங்கி உட்கார்ந்தேன். இருபது நிமிடம் கழித்து முக்கால்வாசி நனைந்த ஒரு சீனப் பெரியவர் என் குடையோடு வந்தார். “உன் குடை நல்லாத் திறக்குது. அதனாலதான் என்னுடையது இல்லைன்னு தெரிஞ்சுது” என்று மாண்டரின் கலந்த ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

வேடிக்கைக்கு இடமில்லாத ஓர் இடமும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. பிஷான் - ஆங் மோ கியோ பூங்காவில் காலாங் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அதை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012ல் திறந்தார்கள். கரையெல்லாம் புல், நடுவே கல் படிகள். வெயில் நாளில் பிள்ளைகள் கணுக்கால் நீரில் மீன் தேடுவார்கள். நீர்நாய்க் குடும்பமும் வந்துபோகும். ஆனால் பெருமழையில் அந்தப் புல்வெளியே ஆறாகிவிடும். அதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர்தான். இப்போது வெள்ளம் கிட்டத்தட்ட 100 மீட்டர்வரை பரவ இடமுண்டு. நீர்மட்டம் ஏறினால் எச்சரிக்கை விளக்கு மின்னும், சைரன் ஒலிக்கும், ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். ஒருமுறை அந்தச் சைரனை மேட்டில் நின்று கேட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன் நான் தாண்டிவந்த கல் படிகள் காபி நிறத் தண்ணீருக்குள் காணாமல் போயின. பக்கத்தில் ஓர் இளைஞர் கைப்பேசியோடு கீழே இறங்கப் பார்த்தார். “வேண்டாம் தம்பி” என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் மலாய்க்காரர்; ஆனாலும் நின்றுவிட்டார். தனியாகப் போகிறவருக்கு அப்படிச் சொல்ல ஆள் இருக்காது. அதனால் இடி கேட்டால் திறந்தவெளியையும் மரத்தடியையும் விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுவது என் வழக்கம். குடை மின்னலைத் தடுக்காது.

மழை நாளில் ரயில் பயணம் அலாதியானது. ஆங் மோ கியோ நிலையம் 1987 நவம்பர் 7ஆம் தேதி முதன்முதலில் திறந்த ஐந்து நிலையங்களில் ஒன்று. தண்டவாளம் உயரத்தில் இருப்பதால் மழை இரு பக்கமும் தெரியும். பிஷானைத் தாண்டியதும் ரயில் நிலத்தடிக்குள் இறங்கிவிடும், மழையும் மறைந்துவிடும். நியூட்டனில் மாறி ஒரே நிறுத்தத்தில் லிட்டில் இந்தியா. மின்படியில் மேலே வரும்வரை வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாது. குளிரூட்டிய இடத்திலிருந்து வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். அரை நிமிடம் தேக்கா எனக்கு மல்லிகை வாசமாகவும் வறுத்த மிளகாய் நெடியாகவும் மட்டுமே இருக்கும்.

அங்கே கூரை பழையது. கட்டடங்களின் முன்னால் மக்கள் நடக்கத் தொடர்ச்சியான கூரைவழி விடவேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822ல் போட்ட ஏற்பாட்டில் வந்ததுதான் ஐந்தடி நடைவழி. இன்று அதில் ஓர் அடி நமக்கு, நான்கு அடி கடைச் சாமான்களுக்கு. போன டிசம்பரில் ஒரு காய்கறிக் கடைக்காரர், மேலே தேங்கிய தண்ணீரைத் துடைப்பக் கட்டையால் தார்ப்பாயோடு உந்திவிட்டார். முழு வாளித் தண்ணீர் என் தோளில். “ஐயோ அக்கா!” என்று பதறி, ஒரு கட்டு கறிவேப்பிலையைக் கையில் திணித்தார். மாமியாருக்கு அன்று பரம திருப்தி.

அது ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் ஒரே நாள் விடுமுறை உள்ள நம் ஊர்த் தொழிலாளர்கள் திடலில் உட்காரமுடியாமல் நடைவழியில் தோளோடு தோள் நின்றிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற இளைஞர் காணொளி அழைப்பில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார். “தண்ணி வடிஞ்சிருச்சாப்பா?” அந்தப் பக்கத்தில் கைப்பேசியை யாரோ திருப்ப, சம்பா நாற்றின் நுனி மட்டும் தெரிந்த வயல். அங்கேயும் வடகிழக்குப் பருவமழைதான். பேசி முடித்ததும் என்னைப் பார்த்தார். “மன்னார்குடிப் பக்கம்க்கா. மூணு ஏக்கர். இன்னும் ரெண்டு நாள் நின்னா அழுகிரும்.” என்ன சொல்வதென்று தெரியவில்லை. “இங்க விட்டா அங்கயும் விடுமா?” என்று அவரே கேட்டு, அவரே சிரித்துக்கொண்டார். மழை விடும்வரை இருவரும் ஆளுக்கொரு தேநீர் வாங்கிக் குடித்தோம். காசு அவர்தான் கொடுத்தார், மறுத்தும் கேட்கவில்லை.

அவ்வளவு தூரம் போகத் தோன்றாத நாளில் ஆங் மோ கியோ பேருந்து முனையத்தில் 138ஆம் எண் பேருந்தில் ஏறிவிடுவேன். மண்டாய் விலங்குத் தோட்டம்வரை போகும். நான் தோட்டத்துக்குள் போவதில்லை. அப்பர் தாம்சன் சாலையைத் தாண்டி மரங்கள் நெருங்கும் இடத்தில் ஜன்னலில் நீர் வழிவதைப் பார்த்துவிட்டு, அதே எண்ணில் திரும்பிவிடுவேன். ஒரே எண் பேருந்தில் மாறி ஏறினால் கட்டணம் புதிதாகத் தொடங்கும். போனால் போகிறது.

காலணி பற்றி ஒரு வார்த்தை. கீழ்த்தளத் தரை ஓடும் சாக்கடை மூடிக் கம்பியும் ஈரத்தில் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். மூடிய காலணி நனைந்துவிட்டால் பழைய நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்துவையுங்கள். இரவோடு ஈரத்தை உறிஞ்சிவிடும். எங்கள் வீட்டில் அதற்கு விளம்பரப் பக்கங்களைத்தான் எடுக்கவேண்டும் என்பது மாமியாரின் உத்தரவு. ராசிபலன் பக்கத்தைத் தொடக்கூடாது.