செத்துப்போன போனும் தம்பியின் வேலைக் கடிதமும்

காலை நிகழ்ச்சி முடிந்து ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு வெளியே வந்தேன். தம்பி வாட்சாப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருந்தான். அதன் கீழே இப்படி எழுதியிருந்தான்: "அக்கா, நீதானே தினமும் பங்குச் சந்தை நிலவரம் வாசிக்கிற. இதைப் படிச்சிட்டு, இந்தத் தொழில் நிலைக்குமான்னு சொல்லு."

திறந்து பார்த்தால் பிளாக்பெரி நிறுவனத்தின் காலாண்டு அறிக்கை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஊடகம் படித்த காலத்தில் பிளாக்பெரி போன் வைத்திருந்தவர்களுக்கு வகுப்பில் தனி மரியாதை. கைப்பேசி எண்ணைக் கேட்கமாட்டார்கள், "உன் பின் நம்பர் என்ன?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பழைய போன்களுக்கான சேவையை நிறுவனமே 2022 ஜனவரி 4ஆம் தேதி நிறுத்திவிட்டது. அந்தப் பிளாக்பெரியின் கணக்கை வைத்தா என் தம்பி எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் போகிறான்?

விஷயம் இதுதான். அவன் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து ஆண்டுகளாகச் சோதனைப் பிரிவுப் பொறியாளர். நிரந்தர வேலை. இப்போது கார்களின் முகப்புத் திரைக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய நிறுவனத்திலிருந்து வேலைக் கடிதம் வந்திருக்கிறது. சம்பளம் மாதம் 1,200 ரிங்கிட் அதிகம். ஆனால் இரண்டு ஆண்டு ஒப்பந்தம்தான். பட்டர்வொர்த் வீட்டுக் கடன் அவன் பெயரில் ஓடுகிறது. "கையில இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போறானே" என்று அம்மா என்னிடம் தினமும் போனில் புலம்புகிறார். அவன் எழுதப்போகும் மென்பொருள் கியூஎன்எக்ஸ் என்ற இயங்குதளத்தின் மேல் ஓடும். அந்தக் கியூஎன்எக்ஸ் இன்று பிளாக்பெரியின் கையில் இருக்கிறது.

இரவு அவனுடன் பேசிப் பேசித்தான் எனக்குப் பிடிபட்டது. சந்தை நிலவரத்தை முப்பது வினாடியில் வாசித்துவிட்டுப் போவது ஒரு வேலை, அதைப் புரிந்துகொள்வது வேறு வேலை என்பதையும் அன்று ஒப்புக்கொண்டேன்.

கியூஎன்எக்ஸ் பிளாக்பெரி பெற்ற பிள்ளை இல்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த கோர்டன் பெல், டான் டாட்ஜ் என்ற இருவர் 1980இல் தொடங்கிய நிறுவனம் அது. 2004இல் கார் ஒலிக்கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஹார்மன் அதை வாங்கியது. 2010இல் பிளாக்பெரி, தன் போன்களுக்குப் புதிய இயங்குதளம் வேண்டும் என்று ஹார்மனிடமிருந்து வாங்கிக்கொண்டது. அதன் மேல் கட்டிய பிளாக்பெரி 10 போன் சந்தையில் எடுபடவில்லை. போனுக்காக வாங்கிய பொருள் போனைக் காப்பாற்றவில்லை, கம்பெனியைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

வாஷிங் மெஷின், லிஃப்ட், மருத்துவமனைக் கருவி, கார் இவற்றுக்குள் கண்ணில் படாமல் ஓடும் மென்பொருளைத்தான் உள்பொதி மென்பொருள் என்கிறார்கள். இதில் கியூஎன்எக்ஸின் பலம் அதன் கட்டுமானம். மையப் பகுதி மிகச் சிறியது. திரை, ஒலி, வலைத்தொடர்பு போன்றவற்றைக் கவனிக்கும் நிரல்கள் தனித்தனி அறைகளில் இருப்பதுபோல் இயங்கும். ஓர் அறையில் தீப்பிடித்தால் வீடு முழுக்க எரியாது, அந்த அறையை மட்டும் அணைத்துவிட்டு மறுபடி திறந்துகொள்ளலாம். பாட்டுக் கேட்கும் செயலி நின்றுபோனால் பரவாயில்லை, வேகம் காட்டும் முள் நிற்கக்கூடாது அல்லவா? கார்ப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரச் சான்றிதழில் மிகக் கடுமையான நிலையையும் இது பெற்றிருக்கிறது. இன்று சாலையில் ஓடும் 275 மில்லியனுக்கும் மேற்பட்ட வாகனங்களில் இது இருப்பதாக நிறுவனம் சொல்கிறது.

இனி பணக் கணக்கு. பிளாக்பெரியின் நிதியாண்டு பிப்ரவரி கடைசியில் முடிகிறது. 2025 பிப்ரவரியோடு முடிந்த ஆண்டில் கியூஎன்எக்ஸ் பிரிவின் வருமானம் 236 மில்லியன் அமெரிக்க டாலர். நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் அது பாதிக்கும் சற்றுக் குறைவு. தம்பி 2025 ஆகஸ்டு வரையிலான மூன்று காலாண்டு எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதியிருந்தான்: 65.8, 57.5, 63.1 மில்லியன். "பாரு அக்கா, இறங்கிட்டுக் கொஞ்சம் ஏறியிருக்கு. இது வளர்ச்சியா?" என்றான்.

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கார் உற்பத்தி எல்லா மாதமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. தீபாவளி மாதத்துத் துணிக்கடை வியாபாரத்தை அதற்கடுத்த மாதத்தோடு ஒப்பிட்டு, "கடை படுத்துவிட்டது" என்று சொல்ல முடியுமா? போன தீபாவளியோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் மே மாதத்தோடு முடிந்த காலாண்டின் 57.5 மில்லியன், முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 8 விழுக்காடு அதிகம். ஆகஸ்டோடு முடிந்த காலாண்டின் 63.1 மில்லியன் 15 விழுக்காடு அதிகம். அந்தக் காலாண்டில் நிறுவனம் மொத்தமாக 129.6 மில்லியன் வருமானமும் 13.3 மில்லியன் நிகர லாபமும் காட்டியிருக்கிறது. பல ஆண்டுகள் நட்டம் கண்ட நிறுவனம் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

இதில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது வேறொரு எண். 865 மில்லியன் டாலர். 2025 பிப்ரவரி நிலவரப்படி கியூஎன்எக்ஸுக்கு இனிமேல் வரவேண்டிய ராயல்டி என்று நிறுவனம் மதிப்பிட்ட தொகை அது.

இந்தத் தொழிலில் பணம் வரும் வழி கொஞ்சம் நம் தோட்டத்து ரப்பர் மாதிரி. ஒரு கார் நிறுவனம் புதிய மாடலை வடிவமைக்கத் தொடங்கும்போது கியூஎன்எக்ஸைத் தேர்ந்தெடுக்கிறது. பொறியாளர்கள் பயன்படுத்த உரிமம் வாங்கும், ஆலோசனைச் சேவைக்குக் காசு கொடுக்கும். அது சிறு தொகை. கார் ஆலையிலிருந்து வெளிவரச் சில ஆண்டுகள் பிடிக்கும். அதன் பிறகுதான் விற்பனைக்குத் தயாராகும் ஒவ்வொரு காருக்கும் ராயல்டி சொட்டும். கன்று நட்டவுடன் பால் வடியாது. ஆனால் வடிய ஆரம்பித்தால், அந்த மாடல் ஓடும்வரை வடியும். ஒருமுறை எழுதிய மென்பொருளுக்கு ஒவ்வொரு காரிலும் புதிதாகச் செலவு இல்லை என்பதால்தான், இந்தப் பிரிவில் நேரடிச் செலவு போக வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சுகிறது.

865 மில்லியன் என்றால் கியூஎன்எக்ஸின் ஓர் ஆண்டு வருமானத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். கேட்க இனிக்கிறது. ஆனால் அது வங்கியில் கிடக்கும் பணம் இல்லை. இத்தனை கார்கள் விற்கும் என்ற மதிப்பீட்டின் மேல் போட்ட கணக்கு. கார் விற்பனை மந்தமானால் அதுவும் சுருங்கும். புதிய மாடல் தள்ளிப்போனால் ராயல்டியும் தள்ளிப்போகும். அண்மைய ஆண்டுகளில் இது உண்மையாகவே நடந்தது. காரையே சக்கரம் வைத்த கணினியாக மாற்றக் கிளம்பிய பெரிய கார் நிறுவனங்கள், மென்பொருள் வேலை நினைத்ததைவிடக் கடினம் என்று கண்டு திட்டங்களைத் தள்ளிவைத்தன. கியூஎன்எக்ஸின் வளர்ச்சியும் அதில் அடிவாங்கியது.

போட்டியும் இருக்கிறது. பாட்டு, வரைபடம் காட்டும் திரைகளில் கூகுளின் ஆண்ட்ராய்டு வேரூன்றிவிட்டது. லினக்ஸ் இலவசம். சில கார் நிறுவனங்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதிக்கொள்ள ஆசைப்படுகின்றன. ஓட்டுநர் உதவி போன்ற உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில்தான் கியூஎன்எக்ஸின் பிடி இறுக்கமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த இடத்தை இலவச மென்பொருள் சீக்கிரம் பிடித்துவிடாது. சான்றிதழ் வாங்குவதற்கே ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும்.

2026 பிப்ரவரியோடு முடிந்த நிதியாண்டின் தொடக்கத்தில் கியூஎன்எக்ஸுக்கு நிறுவனம் கொடுத்த முன்கணிப்பு 250 முதல் 270 மில்லியன் டாலர். அதாவது 6 முதல் 14 விழுக்காடு வளர்ச்சி. பங்கு வாங்கி மூன்று மாதத்தில் பணக்காரராக நினைப்பவருக்கு இது போதாது. பாதுகாப்பான தகவல்தொடர்புக்கான இன்னொரு பிரிவு சுருங்கும் என்று நிறுவனமே அப்போது கணித்திருந்ததால், ஒன்று ஏற மற்றது இறங்க, மொத்தக் கணக்கு பெரிதாக நகராது என்றே தோன்றியது. சைபர்ஜெயாவில் 2024இல் பிளாக்பெரி திறந்த இணையப் பாதுகாப்பு மையத்தைப் பார்த்துவிட்டு "நம்ம ஊருக்கே வந்துட்டாங்க" என்று தம்பி உற்சாகப்பட்டான். அதற்கும் கார் மென்பொருளுக்கும் சம்பந்தமில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கியூஎன்எக்ஸ் வேலைகளுக்கு ஆசியாவில் ஹைதராபாத்தில்தான் 2023இல் பெரிய மையம் அமைத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சாம்பார் தாளித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். "தொழில் நிலைக்கும்டா. உன் ஒப்பந்தம் நிலைக்குமான்னுதான் தெரியலை. கார் வெளிவந்த பிறகுதான் காசு கொட்டும். உன்னைக் கூப்பிடறது அதுக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு வருஷத்துக்கு. திட்டம் தள்ளிப்போனா உன்னை வச்சிருப்பாங்களா? முடிஞ்சா அடுத்த திட்டத்துக்கு மாத்துவாங்களா?" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வேலைக் கடிதத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டினான். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து அந்த இரண்டு கேள்விகளையும் மின்னஞ்சலில் எழுதினான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் பார்த்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை பதில் வந்தது. திட்டம் தள்ளிப்போனால் ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிப்பதாக எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த திட்டத்துக்கு மாற்றுவது பற்றி "பிறகு பேசலாம்" என்றிருக்கிறார்கள். தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை, வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டிருக்கிறான். அம்மா நேற்று போனில் என்னிடம் கேட்டது இதுதான்: "அந்த 'பிறகு'ன்னா எத்தனை மாசம்னு அதையும் எழுதிக் கேட்கச் சொல்லேன்."